காலை பதினொரு மணித் தண்ணீர்



மேசையில் இருக்கும் இந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே வரும்போதே ஒரு நண்பர், "கூட்டம் முடிஞ்சதும் சாப்பாடு உண்டா சார்?" என்று கேட்டார். ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும். பாத்திரக்கடையில் வாங்கிய தட்டுதான், ஆனால் இதில் சோறு போட முடியாது. நான்கு கால்பாகமாகக் கோடு கிழித்து, எதிரெதிர்ப் பாகங்களுக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருக்கிறேன். நடுவில் ஓட்டை, ஓட்டையில் நைலான் கயிறு, கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. தட்டு மிதக்காமல் இருக்க அடியில் ஒரு பழைய எடைக்கல். மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் அடங்கிவிட்டது.

இதற்குச் செக்கித் தட்டு என்று பெயர். ஆஞ்செலோ செக்கி இத்தாலியப் பாதிரியார், வானியலாளர். சூரியனையும் விண்மீன்களையும் ஆராய்ந்தவர். 1865-இல் போப்பாண்டவரின் கப்பல் ஒன்றிலிருந்து வெள்ளைத் தட்டு ஒன்றைக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். பிறகு 1899-இல் விப்பிள் என்ற அமெரிக்கர் அதற்குக் கறுப்பையும் சேர்த்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஏரி ஆராய்ச்சி இதிலிருந்துதான் தொடங்குகிறது. லட்சக்கணக்கில் விலை போகும் கருவிகள் வந்துவிட்டன. இந்தத் தட்டை யாரும் தூக்கிப் போடவில்லை.

பிறகு மீண்டும் தட்டுக்கு வருகிறேன். முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய பேச்சே அதிலிருந்து முளைத்ததுதான்.

நான் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. பக்கத்து ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த பெரியவர் ஒருவர் கல்லூரிக்கே வந்துவிட்டார். மீன் செத்துச் செத்து மிதக்கிறது, யாரோ மருந்து கலந்துவிட்டார்கள், சோதித்துச் சொல்லுங்கள் என்றார். காலை வகுப்பை முடித்துக்கொண்டு இரண்டு மாணவர்களுடன் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். மணி பதினொன்று. கரையோரமாகவே குனிந்து பாட்டிலை முக்கினேன். கரைந்திருந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 11 மில்லிகிராம். மீனுக்கு 4 இருந்தாலே போதும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். "தண்ணீரில் ஒரு குறையும் இல்லை ஐயா, ஆக்ஸிஜன் ஏராளமாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். "பதினோரு மணித் தண்ணி எப்பவும் நல்லாத்தான் சார் இருக்கும். விடியக்காலம் வந்து பாருங்க" என்றார்.

மறுநாள் ஐந்து மணிக்குப் போனேன். இருட்டு இன்னும் பிரியவில்லை. நீர்ப்பரப்பு முழுவதும் சின்னச் சின்ன வட்டங்கள், மழைத் தூறல் விழுவதுபோல. மழை இல்லை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன.

ஆக்ஸிஜனைச் சோதிக்க நாங்கள் பயன்படுத்தியது வின்க்ளர் முறை. 1888-இல் ஹங்கேரியரான லயோஷ் வின்க்ளர் கண்டுபிடித்தது. பாட்டிலில் காற்றுக் குமிழி புகாமல் தண்ணீரைப் பிடித்து, அங்கேயே மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படியும், இல்லையென்றால் வெள்ளையாகப் படியும். முந்தின நாள் பாட்டிலில் காப்பித்தூள்போல அடர்ந்த பழுப்பு. அன்று விடியலில் பிடித்த பாட்டில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்துப்போனது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். ஏரி பச்சைப் பசேலென்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில். பகலில் வெயிலை வாங்கி அவை ஆக்ஸிஜனை வெளியே விடுகின்றன. இரவில் அவையும் நம்மைப்போல மூச்சு விடத்தானே வேண்டும்? பகலில் கொடுத்ததை இரவில் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அடிச் சேற்றிலுள்ள பாக்டீரியாக்களும் தம் பங்குக்கு எடுக்கின்றன. சூரியன் கிளம்பும் முன் கணக்கு தீர்ந்துவிடுகிறது.

என் தவறு நேரம் தப்பியதோடு நிற்கவில்லை. 11 என்ற எண்ணைப் பார்த்ததுமே நான் திடுக்கிட்டிருக்க வேண்டும். 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் காற்றிலிருந்து வாங்கிக் கரைத்துக்கொள்ளக்கூடிய ஆக்ஸிஜன் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். அதற்கு மேல் இருக்கிறதென்றால் உள்ளேயே யாரோ தயாரிக்கிறார்கள் என்று பொருள். பகலில் அளவுக்கு மீறித் தயாரிக்கிறவர்கள் இரவில் அளவுக்கு மீறிச் செலவழிப்பார்கள். "ஏராளம்" என்று நான் எழுதிக் கொடுத்ததுதான் நோயின் அறிகுறி.

பெரியவர் சந்தேகப்பட்ட மருந்து? அதற்கும் விடை கரையிலேயே கிடந்தது. செத்தவை எல்லாம் பெரிய பெரிய கட்லா, ரோகு. குஞ்சுகள் பெரும்பாலும் தப்பியிருந்தன. விராலும் கெளுத்தியும் ஒன்றுகூடச் சாகவில்லை. மூச்சுத் திணறலில் பெரிய மீன்தான் முதலில் போகும். விரால் மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உடையது, அது சமாளித்துக்கொள்ளும். பூச்சிமருந்து கலந்திருந்தால் கதை வேறு: குஞ்சுகள் முதலில் சாகும், நீர்ப்பூச்சிகள் சாகும், தவளை சாகும், விடியலுக்குக் காத்திராமல் எந்த நேரத்திலும் சாகும். ஆக, காரணத்தில் பெரியவர் தவறு, நேரத்தில் அவர்தான் சரி. எனக்கு இரண்டுமே தவறு.

அன்று நான் அளக்க மறந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாசி மிகுந்த ஏரியில் பிற்பகலில் பிஎச் 9-ஐத் தாண்டுவது சாதாரணம். சாக்கடையோடு வரும் அம்மோனியா பிஎச் 7-இல் பெரும்பாலும் தீங்கில்லாத வடிவில் இருக்கும். நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அதே அம்மோனியா பிஎச் 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நச்சாக மாறிவிடும். மீனுக்கு விடியலில் ஒரு கண்டம், பிற்பகலில் ஒரு கண்டம். இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல நேரத்தில்தான் நாம் ஜீப்பில் வந்து இறங்குகிறோம்.

சரி, தட்டுக்கு வருவோம். கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். மறையும் முடிச்சைக் குறித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இறக்கி, திரும்ப இழுத்து, தெரியத் தொடங்கும் முடிச்சைக் குறிக்க வேண்டும். இரண்டின் சராசரிதான் அளவு. 1977-இல் கார்ல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஓர் அளவுகோல் போட்டார். தட்டு 1 மீட்டரில் மறைந்தால் 60. மறையும் ஆழம் பாதியாகக் குறைந்தால் 10 கூடும். அரை மீட்டருக்கு 70, கால் மீட்டருக்கு 80. எண் ஏற ஏற ஏரியில் ஊட்டம் மிகுந்து பாசி பெருகியிருக்கிறது என்று பொருள்.

நம் ஏரிகளில் இந்தக் கணக்கு ஏமாற்றும், எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் செம்மண் கலங்கி வரும்போது தட்டு ஒரு சாண் ஆழத்திலேயே மறைந்துவிடும். அது பாசி இல்லை, வெறும் மண். ஆகவே ஆழத்தோடு தண்ணீரின் நிறத்தையும் எழுதி வையுங்கள். காற்றடிக்கும் திசையையும் எழுதுங்கள். மிதக்கும் பாசியைக் காற்று ஒரு கரையில் கொண்டுபோய் ஒதுக்கிவிடும். அந்தக் கரையில் பிடித்தால் ஏரி செத்துவிட்டது போலவும், எதிர்க்கரையில் பிடித்தால் சொர்க்கம் போலவும் தோன்றும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டி வாஷிங்டன் ஏரி இருக்கிறது. சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் சுத்திகரித்த கழிவுநீரை அதில் விட்டுக்கொண்டிருந்தன. சுத்திகரித்ததுதான், ஆனால் பாஸ்பரஸ் போகவில்லை. 1955-இல் எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் அந்த ஏரியில் ஒருவகைச் செந்நிற நீலப்பச்சைப்பாசியைக் கண்டார். ஐரோப்பிய ஏரிகள் கெடத் தொடங்கியபோது முதலில் தலைகாட்டியதும் அதே பாசிதான். ஏரி போகப்போகும் திசையை அவர் ஊருக்குச் சொன்னார். 1958-இல் மக்கள் வாக்களித்துத் தங்களுக்கே கட்டணம் விதித்துக்கொண்டார்கள். 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீர் முழுவதையும் ஏரிக்கு வராமல் திருப்பினார்கள். 1964-இல் தட்டு ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மறைந்துகொண்டிருந்தது. 1970-களில் 3 மீட்டரைத் தாண்டியது. ஏரி மீண்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது.

அதே பாடப்புத்தகங்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்லும் இன்னொரு கதை சுவீடனில் நடந்தது. வேக்ஷோ நகரத்தில் ட்ரும்மென் என்று ஒரு சிறு ஏரி. சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அங்கேயும் 1950-களின் இறுதியில் கழிவுநீரை நிறுத்தினார்கள். பத்தாண்டு காத்திருந்தார்கள். ஏரி மீளவில்லை. காரணம் சேறு. பாஸ்பரஸ் நைட்ரஜன்போல வாயுவாகிப் பறந்துபோகாது. சேற்றிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருக்கும். அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் இரும்பு பிடியை விட, பாஸ்பரஸ் மேலே வந்து பாசியை வளர்க்கும். பாசி செத்து அடியில் விழுந்து ஆக்ஸிஜனைத் தின்னும். வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூட வர வேண்டியதில்லை, பழைய கடனே வட்டி போட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் 1970-லும் 1971-லும் அரை மீட்டர் அரை மீட்டராகச் சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் அந்த ஏரி தெளிந்தது.

வாஷிங்டன் ஏரியின் ஆழம் 65 மீட்டர் வரை போகும். நம் ஊர் ஏரிகள் ட்ரும்மெனின் சாதி. ஆகவே, மேலே உள்ள தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு நம் ஏரியைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. ஒரு பிவிசி குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயை மூடி உருவுங்கள். எத்தனை ஆண்டுக் கடன் அடியில் கிடக்கிறது என்பது அதில் தெரியும்.

இந்த இடத்தில் நம் முன்னோருக்கு ஒரு வசதி இருந்தது. ஏரி கோடையில் காய்ந்துவிடும். வெடித்த மண்ணுக்குள் காற்று புகும், கருப்புச் சேறு வெளுக்கும். வண்டலை மாட்டுவண்டியில் அள்ளிக்கொண்டுபோய் வயலில் கொட்டுவார்கள். சுவீடனில் இயந்திரம் வைத்துச் செய்ததை நாம் சித்திரை வெயிலை வைத்துச் செய்துகொண்டிருந்தோம். இன்றைக்கு நகரத்தை ஒட்டிய பல ஏரிகள் காய்வதே இல்லை. "எங்க ஏரி கத்திரியிலயும் வத்தாது சார்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மழையை மட்டும் நம்பியிருக்கும் ஏரி மே மாதத்தில் தளும்பினால், அந்தத் தண்ணீர் எந்த வானத்திலிருந்து வந்தது? நான் ஒரு ஊருக்குப் போனதும் பாட்டிலை எடுப்பதற்கு முன் கேட்கிற முதல் கேள்வி, ஏரி கடைசியாக எப்போது வற்றியது என்பதுதான்.

அதேபோல, வண்டல் எடுக்கும் முன்பும் ஒரு சோதனை வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவோடு குரோமியம் வந்து மண்ணில் படிந்த வரலாறு நமக்குத் தெரியும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் ஏரியின் சேற்றிலும் மீனிலும் இருந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. உலோகங்கள் தண்ணீரில் அதிகம் நிற்காது. தண்ணீர்ச் சோதனையில் "இல்லை" என்று வரும். சேற்றில் இருக்கும், சேற்றிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து குழம்புச் சட்டிக்கு.

அடுத்து ஒரு கேள்வி, எல்லோரும் கேட்பது: "தண்ணீர் நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார்." யாருக்கு என்று தெரியாமல் சொல்ல முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏ முதல் இ வரை ஐந்து வகை பிரித்திருக்கிறது. கிருமி நீக்கி மட்டும் குடிக்கலாம் என்றால் 100 மில்லிலிட்டரில் கோலிபார்ம் 50-க்கு மேல் போகக் கூடாது, குளிக்க 500, வழக்கமான முறையில் சுத்திகரித்துக் குடிக்க 5000. மீனுக்கு ஆக்ஸிஜனும் அம்மோனியாவும் முக்கியம். பாசனத்துக்குக் கிருமியைவிட உப்பு முக்கியம், மின்கடத்துதிறன் 2250-க்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி எண்ணின் பொருளை ஒரத்துப்பாளையம் அணை நமக்குக் கற்றுக் கொடுத்தது. 1992-இல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டினார்கள். மேலே திருப்பூர். துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும், மூட்டை மூட்டையாக. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியா சாயத்தைக் கொஞ்சம் தின்னும், அழுக்கைத் தின்னும், உப்பைத் தொடாது. சில ஆண்டுகளிலேயே அணை கழிவுநீர்த் தொட்டியாகிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று போராடுவதுதான் உழவர்களின் வழக்கம். அங்கே திறக்காதீர்கள் என்று போராடினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் வரை போனது. அந்தத் தண்ணீரில் வெறும் கரிமக் கழிவை மட்டும் சோதித்தால் நல்ல பெயர்கூட வாங்கியிருக்கலாம். தென்னைக்கு அந்தச் சான்றிதழைப் படிக்கத் தெரியாதே.

கரிமக் கழிவு என்றதும் ஒரு சின்ன இடைச்செருகல். பிஓடி என்று சொல்கிறோமே, கழிவைத் தின்னப் பாக்டீரியா எவ்வளவு ஆக்ஸிஜன் கேட்கிறது என்ற சோதனை, இது இங்கிலாந்துக்காரர்கள் வகுத்தது. 20 டிகிரியில் ஐந்து நாள் வைப்பது வழக்கமாயிற்று. அவர்கள் ஊர்க் குளிருக்கு அது சரி. நாம் 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டோம். சோதனை முறைக்கும் ஊர் தட்பவெப்பம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது எல்லாம் நேற்றைய, இன்றைய நிலை. நாளை என்ன ஆகும் என்பதைப் பாட்டில் சொல்லாது. அதற்குக் கால்நடையாகப் போக வேண்டும். மதகில் தொடங்காமல் உள்வாயில் தொடங்குங்கள். வரத்துக்காலைப் பிடித்து மேலே நடங்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, குளம், கண்மாய் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தனி ஏரிகள் அல்ல. மேல் ஏரியின் கலிங்கில் வழிவது கீழ் ஏரியின் வரத்து. நம் ஏரியை மட்டும் சுத்தம் செய்து பூங்காவும் நடைபாதையும் போட்டுவிட்டால் ஆயிற்றா? மேல் ஏரிக்காரர்கள் அனுப்பி வைப்பதை யார் தடுப்பது?

நடக்கும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எந்த வளைவில் செப்டிக் டேங்க் லாரியின் சக்கரத் தடம் வரத்துக்கால் கரைவரை வந்து நிற்கிறது? எந்தப் பாலத்தடியில் கோழிக்கழிவு மூட்டை கிடக்கிறது? பட்டறையிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாயின் வாயில் எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா? நெல் வயலுக்கு யூரியா எந்தப் பருவத்தில் போடுகிறார்கள்? குப்பைமேடு காற்று வீசும் பக்கமா, நீர் ஓடும் பக்கமா? இவற்றில் எதுவும் இன்று ஏரித் தண்ணீரில் தெரியாமல் இருக்கலாம். ஆறு மாத அழுக்கைச் சாலையும் சாக்கடையும் சேர்த்து வைத்திருக்கும். வடகிழக்குப் பருவத்தின் முதல் பெருமழை அத்தனையையும் ஒரே இரவில் வாரிக்கொண்டுவரும். ஆண்டு முழுவதும் மாதம் ஒரு பாட்டில் பிடித்தவர்கூட அந்த ஒரு இரவைத் தவறவிட்டால் பெரும் பகுதியைத் தவறவிட்டவர்தான். என்னைக் கேட்டால், ஆண்டுக்கு நான்கு முறை போதும். ஆனால் அதில் ஒன்று முதல் மழைக்கு மறுநாளாகவும், ஒன்று கத்திரி வெயிலில் தண்ணீர் சுண்டிக் கிடக்கும்போதும் இருக்க வேண்டும்.

நாளைய ஆபத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2014 ஆகஸ்ட் 2-ஆம் தேதி டொலிடோ நகரம் பார்த்தது. அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் நகரம். அன்று காலை 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம், குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள் என்று சொன்னார்கள். வயல்களிலிருந்து ஆண்டாண்டாக வந்த உரம் நீலப்பச்சைப்பாசியை வளர்த்திருந்தது. பாசியின் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு குடிநீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. கிருமியைக் கொதி கொல்லும், இந்த நஞ்சைக் கொதி அழிக்காது. தண்ணீர் ஆவியாகும்போது நஞ்சு இன்னும் செறியும். "நல்லா கொதிக்க வெச்சுக் குடி" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோமே, அந்த அறிவுரை உதவாத இடம் இது. கரையில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல ஏடு படர்ந்திருந்தால், மாட்டைக்கூட அந்த இடத்தில் தண்ணீர் காட்டாதீர்கள்.

நேரம் ஆகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஓர் அறிவிப்பு. நாளை விடியற்காலை ஐந்து மணிக்கு நம் ஊர்ப் பெரிய ஏரியின் கலிங்கு அருகே நான் இருப்பேன். இந்தத் தட்டும், வின்க்ளர் பாட்டில் ஆறும், டார்ச் லைட்டும் கொண்டுவருகிறேன். பரிசல் ஒன்றை மீன்பிடிக்கும் தம்பி தருவதாகச் சொல்லியிருக்கிறார். நடு ஏரியில் மேலே ஒன்று, அடியில் ஒன்று, உள்வாயில் ஒன்று, மதகருகே ஒன்று என்று பிடிப்போம். மீதி இரண்டு பாட்டிலை அதே நடு ஏரியில் காலை பதினொரு மணிக்குப் பிடிப்போம். எது பழுப்பு, எது வெள்ளை என்று நீங்களே பாருங்கள். பிள்ளைகளை அழைத்து வாருங்கள், செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், சேறு முழங்கால் வரை இருக்கிறது.